பாடகருக்கு வயதாகிவிட்டது, சரி. உங்கள் ஏற்பாட்டுக்கு என்ன வந்தது?

ஜமைக்காவின் ரெகே, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் ஆகிய இசைகளின் மூத்த பாடகர்களைப் பிரிட்டனுக்கு வரவழைத்துக் கச்சேரி நடத்தும் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களே,

"கடைசி வாய்ப்பு" என்று சொல்லி டிக்கெட் விற்கிறீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. 2020 செப்டம்பரில் ரெகே பாடகர் டூட்ஸ் ஹிபர்ட் போனார். 2021 என்ற ஒரே ஆண்டு, ரெகே உலகின் யூ-ராய், பன்னி வெய்லர், லீ பெர்ரி, ராபி ஷேக்ஸ்பியர் ஆகிய நால்வரையும் வரிசையாகக் கொண்டுபோனது. 2025 தொடங்கியதுமே சோல் பக்கத்தில் சாம் மூர், ஏப்ரலில் மேக்ஸ் ரோமியோ, ஆண்டு முடிவதற்குள் ஜிம்மி கிளிஃப். இனி இருப்பவர்களைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற பதைப்பு எங்களுக்கும் இருக்கிறது. அந்தப் பதைப்பில்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. உயிரோடு இருப்பவரை விமானத்தில் கூட்டிவந்து, அவரால் பாட முடியாத நிலையில் மேடையில் நிறுத்துகிறீர்களே, அதுதான் என் புகார்.

மடலைத் தமிழில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பிரதி தனியாக அஞ்சலில் வருகிறது. இது, என் பேச்சைக் கேட்டு டிக்கெட் வாங்கி, நள்ளிரவு தாண்டியும் நின்று கால் வீங்கி, அதன்பிறகு என்னோடு சில வாரம் பேசாமலிருந்த, தென் லண்டன் குராய்டன் நண்பர்களும் படிக்கட்டும் என்பதற்காக.

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது காதில் விழும் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "பாவம், ஆளுக்கு வயதாகிவிட்டது, குரல் போய்விட்டது." நானும் பல தடவை தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அதே பாடகரை ஐரோப்பாவில் வேறொரு குழுவோடு, ஒழுங்கான அரங்கில் கேட்டுவிட்டு வந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். குரல் லண்டனுக்கு வரும்போது மட்டும் போய்விடுமா?

முதலில் ஸ்ருதி. இருபது வயதில் கிங்ஸ்டன் ஸ்டூடியோவில் ஐந்து கட்டையில் பாடிய ஒருவர், எழுபத்தைந்தில் மூன்று கட்டைக்கு இறங்கித்தான் பாட வேண்டும். இதில் இழிவு ஏதும் இல்லை. எங்கள் ஊரில் செம்மங்குடி எண்பது கடந்தும் பாடினார், குரல் ஒத்துழைக்கும் இடத்தில் ஸ்ருதியை வைத்துக்கொண்டு பாடினார், சபா நிரம்பியது. உங்கள் மேடையில் நடப்பதோ வேறு. பக்கவாத்தியக்காரர்களுக்கு நீங்கள் அனுப்புவது 1968ஆம் ஆண்டு இசைத்தட்டின் இணைப்பு ஒன்றை மட்டும். அவர்களும் அதைக் கேட்டு, அதே ஸ்ருதியில் பழகிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பாடகர் மத்தியானம் வந்து இறங்குகிறார். ஒத்திகை கிடையாது. ஒலிச் சோதனைக்கு ஒதுக்கிய நேரத்தை முந்தைய குழு தின்றுவிடுகிறது.

போன இலையுதிர் காலத்தில் தென் லண்டன் அரங்கு ஒன்றில் இதன் விளைவைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். பாடகரின் பெயர் வேண்டாம். அவர் குற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது பாட்டின் முதல் அடியிலேயே, ஸ்ருதி தனக்கு எட்டாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, மெல்ல அழுத்திக் காட்டினார். இறக்கு என்று பொருள். கீபோர்டு வாசித்த இளைஞர் அதை 'சத்தத்தைக் குறை' என்று எடுத்துக்கொண்டார், குறைத்தார். ஸ்ருதி இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி அதே கைச்சாடை. இந்தத் தடவை டிரம்ஸ்காரரும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். பல்லவியின் உச்சிக்கு வந்ததும் பெரியவர் சிரித்துக்கொண்டே மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார். சபை பாடியது. உற்சாகமான தருணம் என்று பலர் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். முன்வரிசையில் நின்ற எனக்குத் தெரிந்தது, அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததும், மைக்கை நீட்டியபின் அவர் மூச்சு வாங்கியதும். ஒரு மணி நேரத்தில் அந்த மைக் எங்கள் பக்கம் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைக்கவில்லை. பாட வந்தவர்கள் நாங்கள்தான் என்று தோன்றும் அளவுக்கு வந்தது.

ஒரு மின்னஞ்சல் போதும், ஐயா. "எந்தப் பாட்டு எந்த ஸ்ருதியில்" என்று அவருடைய ஆளிடம் கேட்டு, பக்கவாத்தியக் குழுவுக்கு இரண்டு வாரம் முன்னால் அனுப்பினால் போதும். ஊதுகருவிக்காரர்களுக்கு மட்டும் இது கூடுதல் வேலை. அவர்கள் எழுதி வைத்துப் படிப்பவர்கள், ஸ்ருதி மாறினால் தாளை மாற்றி எழுத வேண்டும். ஆனால் ஊதுகருவிக்காரர்களை நீங்கள் அழைத்துவந்தால்தானே இந்தத் தொல்லை! சோல் கச்சேரி என்று பெயர். டிரம்பெட் இல்லை, சாக்ஸபோன் இல்லை, எல்லாவற்றையும் ஒரு கீபோர்டின் பொத்தான் ஊதுகிறது. மெம்பிஸ் பாணிப் பாட்டில் பாடகர் ஒரு வரி சொல்ல, ஊதுகருவிகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பொத்தானிலிருந்து கேட்கும்போது, வாழைப்பழத்தை விட்டுவிட்டு அதன் வாசனை போட்ட மிட்டாயைத் தின்றதுபோல் இருக்கிறது.

பல பாடகர்களை ஒரே இரவில் வரிசையாக ஏற்றும் முறையே தவறு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். 1967 வசந்தத்தில் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தார் ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ், எடி ஃபிளாய்ட் என்று ஒரு படையையே ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா அரங்கில் பாடினார்கள். எல்லோருக்கும் வாசித்தது ஒரே கூட்டம்: புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ், அவர்களோடு மார்-கீஸின் ஊதுகருவிகள். அந்தப் பாட்டுகளை ஸ்டூடியோவில் வாசித்தவர்களே அவர்கள்தான். பாடகர் மாறினாலும் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள் மாறவில்லை. ஜமைக்காவின் மேடை நிகழ்ச்சிகளும் இதே வழக்கம்தான்: ஒரு நல்ல குழு, பத்துப் பாடகர்கள். முறை பழையது, நல்லது. குழு நல்லதாக இருக்க வேண்டும் என்ற பாதியை மட்டும் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

வயது பாடுவதற்குத் தடை என்றால் சார்லஸ் பிராட்லி என்ற சோல் பாடகரை உலகம் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. அவருடைய முதல் ஆல்பம் வந்தது 2011இல், அவருக்கு அறுபத்திரண்டு வயதில். சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸ் புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்த தலையோடு மேடையேறி ஆடிப் பாடினார். 2016இல் இறக்கும் வரை ஓயவில்லை. இருவருக்கும் பின்னால் புரூக்ளினின் டாப்டோன் இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த, அவர்களுடைய மூச்சுக்குத் தக்கபடி வாசிக்கத் தெரிந்த குழுக்கள் இருந்தன. பிரிட்டனிலும் அப்படி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் ஒத்திகைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால் வருவார்கள். அப்படி வருபவர்களின் பெயரை விளம்பரத்தில் பாடகரின் பெயருக்கு அடுத்து அச்சிடுங்கள். இந்த இசையைக் கேட்டுப் பழகியவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

ஒலியமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி அறையை விட்டுப் போய்விடுவாள். ரெகேயின் அடிப்படைத் தாளத்தில் நான்கு தட்டில் முதல் தட்டு வெறுமையாக இருக்கும்; பெரிய டிரம் மூன்றாவதில்தான் விழும். பாட்டின் நடையைச் சுமப்பது பேஸ் கிட்டார். கிட்டாரும் ஆர்கனும் இடைவெளிகளில் வெட்டிவெட்டி விழுகின்றன. ராக் குழுக்களுக்குப் பழகிய ஒலிப்பொறியாளர் பெரிய டிரம்மை முன்னால் தள்ளி, பேஸை அதன் அடியில் புதைத்துவிட்டால், அந்த வெறுமையான முதல் தட்டு ஒரு குழியாகத்தான் கேட்கிறது. பாடகர் அதற்குள் விழுகிறார். ரெகேயின் ஒலியைச் சரியாகக் கலக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமே இல்லை. ஐம்பது வருடமாகத் தெருத்தெருவாய் ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து வளர்ந்த கலை இது. அரங்கோடு வரும் பொறியாளரே போதும் என்று ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

இனி நேரம். டிக்கெட்டில் ஏழு மணி என்று இருக்கிறது. ஏழு மணிக்குத் திறப்பது கதவும் மதுக்கடையும். எட்டரை வரை இசைத்தட்டு. பிறகு ஒரு அறிவிப்பாளர், "எல்லோரும் சத்தம் போடுங்கள்" என்று அரை மணிக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகிறார். நான்கு துணைப் பாடகர்கள். முதன்மைப் பாடகர் மேடையேறும்போது மணி பன்னிரண்டே முக்கால். கிங்ஸ்டனிலிருந்தோ டெட்ராய்டிலிருந்தோ முந்தைய நாள் கிளம்பி வந்த, தூக்கம் கெட்ட, எழுபது கடந்த மனிதர் அவர்.

"இரவு நீள்வது இந்த இசையின் மரபு" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். உண்மைதான். வட இங்கிலாந்தின் வீகன் காசினோ என்ற நடன அரங்கில் சோல் ஆட்டம் தொடங்கியதே இரவு இரண்டு மணிக்கு. விடிந்து எட்டு மணிக்குத்தான் முடிந்தது. அது 1973இல் தொடங்கி 1981இல் மூடிய இடம். அங்கே ஆடியவர்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர்கள்தான் இன்று உங்கள் அரங்கில் முழங்கால் பட்டையோடு நிற்கிறார்கள்! கூட்டத்தைத் திரும்பிப் பாருங்கள்: கடைசி ரயிலுக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் பாதி, உட்கார இடம் தேடிச் சுவரோரம் நகர்பவர்கள் மீதி. பதினொன்றரைக்கு ஒரு கூட்டம் கிளம்பிப் போய்விடுகிறது. யாரைப் பார்க்கப் பணம் கொடுத்தார்களோ அவரைப் பார்க்காமலேயே போகிறார்கள். ஒன்பது மணிக்கு மேடையேற்றுங்கள். அதைவிட நல்லது, ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு, நாற்காலி போட்டு நடத்துங்கள். முன்னால் ஆடுவதற்கு இடம் விடுங்கள். பின்னிரவு வேண்டும் என்கிற இளைஞர்களுக்குப் பாட்டு முடிந்தபின் இசைத்தட்டு ஓடட்டும்.

"இவ்வளவு வயதில் இவர்கள் ஏன் இன்னும் ஊர் ஊராக அலைகிறார்கள்? ஓய்வெடுக்கக் கூடாதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அலைய ஆசைப்பட்டு அலைபவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வேறு வருமானம் இல்லை என்பதுதான் விடை. அறுபதுகளின் கிங்ஸ்டனில் பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து முடித்துவிடுவார்கள். உரிமை தயாரிப்பாளரோடு போய்விடும். 2013 நவம்பரிலிருந்து பிரிட்டனில் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டாக நீண்டது. ஆனால் ஒப்பந்தமே இல்லாமல், இருந்தாலும் அதில் தன் பெயர் இல்லாமல் பாடியவருக்கு அந்த இருபது ஆண்டால் என்ன வரும்?

ஜமைக்கப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் பிரிட்டிஷ் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தவர். 1984இல் அவர் திவாலானதாக அறிவிக்கப்பட்டார். மறுபடி மேடைதான் அவருக்குச் சோறு போட்டது. 2006 மே மாதம் எங்கள் குராய்டனைச் சேர்ந்த தோர்ன்டன் ஹீத்தில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தபோது வயது அறுபத்து நான்கு. அந்தக் கோடைக்கான நிகழ்ச்சிகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். இன்று நாங்கள் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கப் போகும் அதே தோர்ன்டன் ஹீத். அவர் அங்கேதான் இருந்தார் என்று அந்தக் கடைத்தெருவில் சொன்னால், எங்கள் ஆட்களில் பத்துக்கு ஒருவர்கூட நம்புவதில்லை.

ஜமைக்கப் பாடகர் ஜான் ஹோல்ட் 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு ரெகே விழா மேடையில் நிலைகுலைந்தார். அக்டோபரில் லண்டனில் இறந்தார். அவருக்கு நோய் இருந்தது. விழா நடத்தியவர்களை இதில் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எழுபது கடந்தவரை அழைக்கும்போது மேடைக்குப் பின்னால் ஒரு மருத்துவ உதவியாளர், கைப்பிடியுள்ள படிக்கட்டு, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, வெந்நீர், இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டியவையா? மூன்று மாடி இரும்புப் படியேறி உடைமாற்றும் அறைக்குப் போகவேண்டிய அரங்குகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன.

கூட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். 2013 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ரிச்மண்ட் நகரத்து மேடையில் டூட்ஸ் ஹிபர்ட் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன் எறிந்த வோட்கா பாட்டில் அவர் தலையில் பட்டது. அதன் பிறகு மூன்று ஆண்டு அவர் மேடை ஏறவில்லை. பதற்றம், மறதி, கூட்டத்தைக் கண்டால் அச்சம். அப்படியிருந்தும் அந்த இளைஞனுக்குக் கடுமையான தண்டனை வேண்டாம் என்று நீதிபதிக்கு எழுதினார். 2016இல் திரும்பி வந்தார். எழுபது கடந்த அவரை அந்தத் திரும்புதலுக்குப் பின் கேட்டவர்கள் யாரும் குரல் போய்விட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடி பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைக்க ஒரு ஆள் போட்டால் என்ன செலவாகும்?

பெயர் விஷயத்தில் உங்களில் சிலர் செய்வது மோசடிக்குப் பக்கத்து வீடு. அமெரிக்காவில் டிரிஃப்டர்ஸ், பிளாட்டர்ஸ், கோஸ்டர்ஸ் என்ற பெயர்களில் அந்தக் குழுக்களில் ஒருநாளும் பாடாதவர்கள் ஊர்சுற்றிச் சம்பாதித்தார்கள். அதைத் தடுக்க 2005இல் பென்சில்வேனியா தனிச் சட்டமே கொண்டுவந்தது. பிறகு முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் இதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இங்கே யுபி40 என்ற பெயரில் இரண்டு ரெகே குழுக்கள் ஓடுகின்றன. யார் எதில் இருக்கிறார் என்று தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. ஸ்காடலைட்ஸ் 1964இல் ஜமைக்காவில் தொடங்கிய குழு. மூலக் குழுவின் வாத்தியக்காரர்களில் எஞ்சியிருந்த லெஸ்டர் ஸ்டர்லிங்கும் 2023இல் இறந்துவிட்டார். இளையவர்கள் அந்த இசையை மதித்து வாசித்தால் நான் முதல் ஆளாக நிற்பேன். பாப் மார்லியோடு வாசித்த வெய்லர்ஸ் குழுவில் தந்தை வாசித்த பேஸை இன்று மகன் ஆஸ்டன் பாரெட் ஜூனியர் வாசிக்கிறார். அது வெளிப்படையாகவே தெரிகிறது. எனக்கு வேண்டியது அந்த வெளிப்படைத்தன்மை. மூலக் குழுவிலிருந்து இன்று மேடையில் யார் இருப்பார்கள் என்று விளம்பரத்தில் ஒரு வரி. யாரும் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். டிக்கெட் விலை அதற்கேற்ப இறங்கட்டும்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. ஜமைக்காக்காரர்கள் பிரிட்டன் வர 2003 ஜனவரியிலிருந்து விசா வேண்டும். இது உங்களுக்கு நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை. அப்படியிருந்தும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே டிக்கெட் விற்கிறீர்கள். கச்சேரிக்கு முந்தைய நாள் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஒரு அறிவிப்பு வருகிறது. முன்பதிவுக் கட்டணம் திரும்ப வருவதில்லை. விசா கையில் வந்தபின் விற்பனையைத் தொடங்குங்கள்.

அரங்குகள் குறைந்துவிட்டன என்ற உங்கள் குறையை நான் மறுக்கவில்லை. 1975 ஜூலையில் பாப் மார்லி பாடிய லைசியத்தில் இப்போது பல ஆண்டுகளாகச் 'லயன் கிங்' இசைநாடகம் நடக்கிறது. ஸ்டாக்ஸ் கூட்டம் பாடிய ஃபின்ஸ்பரி பார்க் அரங்கு தேவாலயமாகிவிட்டது. ஹாமர்ஸ்மித் பாலே 2007இல் மூடி, பிறகு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மாணவர் விடுதி நிற்கிறது. அங்கேதான் 1980 செப்டம்பரில் டூட்ஸ் அண்ட் தி மேட்டால்ஸ் பாடியதைப் பதிவு செய்து, ஒரே நாளுக்குள் இசைத்தட்டாக அச்சடித்துக் கடைக்கு அனுப்பினார்கள். அந்த வேகத்தில் வேலை செய்யத் தெரிந்த ஊர் இது. ஒரு ஸ்ருதிப் பட்டியலைப் பக்கவாத்தியக்காரர்களுக்கு அனுப்ப முடியாது என்றால் யார் நம்புவார்கள்? அரங்கு இல்லை என்பவர்கள் நகராட்சி அரங்குகளைப் பாருங்கள். நாற்காலி இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது, ஞாயிறு மாலைகளில் பல காலியாகவே கிடக்கின்றன.

கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. பாடிய பாட்டுகளின் பட்டியலை, பாட்டெழுதியவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பிஆர்எஸ் அமைப்புக்கு அனுப்புங்கள். டிக்கெட் வருமானத்தில் ஒரு சிறு விழுக்காடு பாட்டெழுதியவர்களுக்கென்று அங்கே போய்ச் சேருகிறது. எந்தப் பாட்டு பாடப்பட்டது என்று தெரிந்தால்தான் அது உரியவர் கைக்குப் போகும். இந்தப் பெரியவர்களில் பலர் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதியவர்கள். பட்டியல் மேடைத் தரையில், மைக்குக்குக் கீழே, ஒட்டுநாடாவால் ஒட்டித்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் துப்புரவு செய்பவர் அதைப் பெருக்கி எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
குராய்டனிலிருந்து, முன்வரிசையில் நிற்கும் ரசிகன்